ஜெனோவாவுக்கு மட்டும்

ஒரே ஒரு வரிதான் அவளுக்குப் பிடிபடவில்லை.

மாதா கோவிலின் பழைய இணையப் பக்கத்தைப் பிரித்துப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினைந்து வருடங்களுக்கு முன் ஃப்ளாஷ் என்ற மென்பொருளில் செய்தது. ஒரு பெட்டி. பெட்டிக்குள் நாற்பது மெழுகுவர்த்திகள். பெயரை எழுதி அழுத்தினால் ஒன்று எரியும். ஒரு மணி நேரத்தில் தானே அணைந்துவிடும். அடுத்தவருக்கு இடம் வேண்டுமே.

இணைய உலாவிகள் ஃப்ளாஷைக் கைவிட்டு நாலு வருடத்துக்கு மேல் ஆகிறது. அன்றிலிருந்து அந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் வெறும் கட்டம்.

இப்போது எல்லா உலாவியிலும் திறக்கிற புதிய முறையில் அதை எழுதித் தர வேண்டும். நாளைக் காலை திருவிழாக் கொடியேற்றம். அதற்குள்.

பழைய நிரலின் நடுவில் அந்த வரி இருந்தது.

பெயர் ஜெனோவா என்றால், அணைக்காதே.

மேலும் கீழும் தேடினாள். வேறு எந்தப் பெயருக்கும் இந்தச் சலுகை இல்லை.

பக்கத்தைச் செய்த கிளாட்சன் இப்போது துறைமுகத்தில் ஐஸ் ஆலை வைத்திருக்கிறார். போன் செய்தாள்.

“அந்த வரி இன்னுமா கெடக்கு?” சிரித்தார். “ஒரு அக்கா, குவைத்துல வீட்டு வேலை. மவ ஜெனோவாவுக்கு இங்க இருதயத்துல ஆப்பரேசன், ஒம்பது வயசு. மெழுகுவத்தி அணையும்போதெல்லாம் எனக்குப் போன் போட்டு அழும். நானும் எத்தன தடவதாம்மா ஏத்துவேன்? ஒரு வரிய எழுதி விட்டுட்டேன். அப்ப இருந்த ஃபாதருக்கே தெரியாது. நீ போய் சொல்லிக்கில்லிராத.”

“அந்தப் பிள்ள இப்ப எப்படிண்ணே இருக்கு?”

ஐஸ் உடைபடும் சத்தம் கேட்டது.

“அதுக்கப்புறம் அக்கா பேசல. நானும் கேக்கல. பயந்தான், வேற என்ன.”

அவள் பக்கத்தின் வருகைப் பதிவைத் திறந்தாள். வெறும் கட்டத்தைப் பார்க்க யார் வரப்போகிறார்கள்?

ஒருவர் வந்துகொண்டிருந்தார்.

குவைத்திலிருந்து. தினமும் காலையில் ஒருமுறை. நாலு வருடமாக, ஒரு நாள் விடாமல். எட்டு நொடி, பத்து நொடி இருப்பார். போய்விடுவார்.

நாளையும் வருவார். கட்டம் இருக்காது. மெழுகுவர்த்திகள் தெரியும். அவர் கண் ஒரு பெயரைத் தேடும்.

அது எரியாமல் இருந்தால்?

அந்த வரியை அப்படியே புதிய பக்கத்தில் எழுதினாள். எழுதியதும் கை நின்றது.

பழையது மூடிய பெட்டி. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று வெளியே தெரியாது. புதியது அப்படி இல்லை. யார் வேண்டுமானாலும் திறந்து வாசிக்கலாம். போன திருவிழாவில் தேர்வடத்தை முதலில் தொடுவது யார் என்று இரண்டு குடும்பங்கள் சட்டையைப் பிடித்துக்கொண்ட ஊர் இது. எல்லாருக்கும் ஒரே அளவு, விதிவிலக்கு கூடாது என்று பங்குத்தந்தை அமலதாசன் தாளில் எழுதியே கொடுத்திருக்கிறார்.

ஜெனோவாவுக்கு மட்டும் என்ன என்று யாராவது ஒருவர் கேட்டால் போதும்.

மறைத்து வைக்க வழிகள் உண்டு. அவளுக்குத் தெரியாததில்லை.

மாதாவின் பக்கத்தில் ஒளித்து வைக்க மனம் ஒப்பவில்லை.

வரியை அழித்தாள்.

திரும்ப எழுதினாள்.

மறுபடி அழிக்கப் போனபோதுதான் அதற்கு மேலே இருந்த வரியைச் சரியாகப் பார்த்தாள். ஒரு மணி நேரம். ஏன் ஒரு மணி நேரம்? பெட்டிக்குள் நாற்பது இடம்தான். அதனால்.

புதிய பக்கத்துக்குப் பெட்டியே இல்லை.

ஃபாதரைப் போனில் கூப்பிட்டாள். அவர் கொடிமரத்தடியில் நின்றிருந்தார். பின்னால் ஒரே கூச்சல்.

“ஃபாதர், எதையுமே அணைக்காம விட்டுரலாமா?”

“எதையுமேவா? இடம் பத்தாதேம்மா.”

“இருக்கு, ஃபாதர். பக்கம் கீழ நீண்டுக்கிட்டே போகும்.”

“எவ்வளவு?”

“எவ்வளவு வேணும்னாலும்.”

கயிற்றைத் தளர்த்தச் சொல்லி யாரையோ அதட்டினார். பிறகு போனுக்குத் திரும்பினார்.

“அப்ப இத்தன நாளா எதுக்கு அணைச்சிட்டிருந்தோம்?”

“அப்படியே செஞ்சிரு” என்று போனை வைத்தார்.

இரண்டு வரிகளையும் அழித்தாள்.

பழைய பக்கம் சேமித்து வைத்திருந்த பெயர்களை எல்லாம் தேதி வரிசையில் கொண்டுவந்து சேர்த்தாள். எல்லாம் எரிந்தன. ஆயிரத்துச் சொச்சம் பெயர்களுக்கு நடுவில் ஜெனோவாவும் ஒருத்தியாக எரிந்தாள்.

காலையில் கொடி ஏறியது. வெடிச் சத்தம் ஓய்வதற்குள் குவைத்திலிருந்து ஒருவர் வந்துவிட்டார்.

எட்டு நொடி.

பத்து.

ஒரு நிமிடம். போகவில்லை.

நாலாவது நிமிடத்தில், பட்டியலின் அடியில், புதிதாக ஒரு மெழுகுவர்த்தி எரிந்தது.

பெயருக்கான இடத்தில் இப்படி எழுதியிருந்தது:

ஜெனோவா வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு.