புளி தூக்கலான குழம்பு

எங்கள் குடியிருப்பில் வீடு வீடாக உருண்டு வந்து சோறு தரும் அன்னதான இயந்திரத்துக்கு எல்லாம் தெரியும், பொய் சொல்ல மட்டும் தெரியாது. போன வருஷம் மங்களேஸ்வரி வேலையிழந்து கிடந்தபோது, "உதவி பெறும் மங்களேஸ்வரி அவர்களே, இலவச உணவு!" என்று மாடி மாடியாகக் கேட்கும்படி கூவியது. கதவிடுக்கில் எட்டிப் பார்க்காதவர் யார்? பசி, வாங்கிக்கொண்டாள்.

இப்போது வேலை கிடைத்து மிடுக்காகத் திரிகிறாள். அன்னதானத் தொண்டராகவும் சேர்ந்துவிட்டாள். இப்போது கஷ்டத்தில் இருக்கும் எதிர்வீட்டுப் பிலோமினாவோ, இயந்திரம் எத்தனை முறை கூவியும் கதவைத் திறக்கவில்லை. உள்ளே பிள்ளைகள் பட்டினி.

மங்களேஸ்வரி இயந்திரத்தைப் படிக்கட்டோரம் ஒதுக்கினாள். அதிலிருந்த சாப்பாட்டைத் தன் வீட்டுத் தூக்குக்கு மாற்றிக்கொண்டு கதவைத் தட்டினாள்.

"அக்கா, அளவு தெரியாம சோறும் குழம்பும் நிறைய வச்சிட்டேன். கெட்டுப்போயிரும், வாங்கிக்கங்க."

"தவறான தகவல்," என்றது படிக்கட்டு.

"யாருடி அது?"

"எங்க வீட்டு டிவிதான், அக்கா."

பிலோமினா தூக்கை வாங்கி, குழம்பை விரலால் தொட்டு நக்கினாள்.

"என்னடி இவ்வளவு புளி! நாளைக்காவது குறைச்சுப் போடு."

மங்களேஸ்வரிக்கு வாயெல்லாம் பல். தர்மச் சோற்றை வாங்கியபோது அவள் ஒரு நாளாவது உப்பு, புளி என்று வாய் திறந்திருப்பாளா?