பச்சைக் கொடி

"ஒரு வீட்டைப் பார்த்துத்தான் மத்த வீடு மாறும்" என்று கால்நடை அலுவலக ஹில்மி சேர் பால்காரர்கள் கூட்டத்தில் சொல்லியிருந்தார். கறவை மாடுகளால் காற்றில் கலக்கும் கெட்ட வாயுவை ஆகக் குறைத்த வீட்டுக்கு மாதாமாதம் ஒரு பச்சைக் கொடி.

இந்த மாதக் கொடியை ஜவாஹிரின் படலையில் அவரே கட்டினார்.

"ஃபோன்ல நாங்க கேட்ட எல்லாத்துக்கும் நல்ல பதில், நானா. சாணி குவிஞ்சு கிடக்கா? இல்ல. வைக்கோல் எரிச்சீங்களா? இல்ல. நுரைச்சோலையிலயே நீங்கதான் முதலாவது!"

"ஓம் சேர்" என்றான் ஜவாஹிர். படலையைத் திறக்கவில்லை. சிரிக்கச் சொன்னபோது சிரித்தான். சேர் படம் பிடித்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஏறினார்.

அவர் போனதும் பக்கத்து வீட்டு பதுர்தீன் ஓடி வந்தான். போன மாதம் இதே கொடி அவன் வீட்டில் பறந்தது.

"என்ன வித்தை செஞ்ச மச்சான்? எனக்கும் காட்டன்."

ஜவாஹிர் அவனைக் கொல்லைக்குக் கூட்டிப்போனான். கொட்டில் கழுவிவிட்டபடி கிடந்தது. கயிறுகள் மட்டும் தொங்கின.

"மாட்டுத் தீன் வாங்கிக் கட்டுபடியாகல்ல. கடைசி மாட்டையும் இறைச்சிக் கடைக்குக் குடுத்திட்டன். மாடு இருக்கா எண்டு மட்டும் அவங்க கேக்கல்ல."

பதுர்தீன் சிரிப்பான் என்றுதான் ஜவாஹிர் நினைத்தான். அவனோ கயிறுகளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"மச்சான், அந்த இறைச்சிக் கடைக்காரன்ட நம்பரைத் தா."