சத்தம் கேட்டால் கட்டையைப் போடு

சத்தம் கேட்டதும் கட்டையை வாளியில் போட வேண்டும், அவ்வளவுதான். காது பரிசோதிக்கும் டெக்னீஷியன் அதைச் செய்து காட்டிக் காட்டியே ஓய்ந்துவிட்டாள். குழந்தையோ ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கட்டையைக் காதோரம் பிடித்தபடி கல்லாட்டம் உட்கார்ந்திருந்தது.

“இதுகூடவா கேக்கல?” அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

“கேக்காத பிள்ளைகிட்ட கத்தி என்னம்மா பிரயோஜனம்?” டெக்னீஷியனுக்கும் எரிச்சல் தாங்கவில்லை. மிஷினை அணைத்து, வயரையும் பிடுங்கிப் போட்டாள்.

டொக் என்று வாளியில் ஒரு கட்டை விழுந்தது.

குழந்தை அடுத்ததைக் காதோரம் வைத்துக் காத்திருந்தது. கண் விரிந்தது. அதையும் போட்டது.

“கேக்குது பாருங்க! நல்லாவே கேக்குது!” அம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

“மிஷினே ஓடலம்மா.”

டெக்னீஷியன் ஹெட்போனைக் கழற்றித் தன் காதில் மாட்டிப் பார்த்தாள். ஒரு சத்தமும் இல்லை. குழந்தை அவள் கையில் ஒரு கட்டையைத் திணித்து, கையை அவள் காதோரம் தூக்கி வைத்துவிட்டுக் காத்திருந்தது. சட்டென்று அதன் கண் விரிந்தது. வாளியைக் காட்டியது. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் காட்டியது. டெக்னீஷியன் திருதிருவென்று விழித்தாள்.

குழந்தை, அம்மாவைப் போலவே, தலையில் அடித்துக்கொண்டது.