நாலு மட்டும் வரவில்லை

“ப்ரோக்கர்னா ரெண்டு சர்வருக்கும் நடுவுல நின்னு செய்தியைக் கைமாத்தணும், அவ்ளோதான். எடுத்து வெச்சுக் காப்பாத்துறதெல்லாம் எதுக்கு?” என்றான் பிரசன்னா போனில்.

அவன் மாதாப்பூர் அலுவலகத்தில் இருந்தான். பியூலா உப்பல் கிளையில். இருவரும் சேர்ந்து எழுதிய சாட் மென்பொருளுக்கு எந்த ப்ரோக்கர் என்று அன்றைக்கே முடிவு செய்தாக வேண்டும்.

“வாங்குற ஆள் அந்த நேரம் இல்லைன்னா என்ன பண்றது? நான் சொல்ற ப்ரோக்கர் அவங்க வர்ற வரைக்கும் வெச்சிருந்து குடுக்கும்.”

“அது மெதுவா போகும். என்னோடது பறக்கும். அதுலயே டெஸ்ட் பண்ணிடலாம். நீ ஒண்ணு, ரெண்டுன்னு அடிச்சு அனுப்பிக்கிட்டே இரு. நடுவுல என் சர்வரை ஒரு தடவை நிறுத்திட்டு எழுப்புறேன்.”

பியூலா அனுப்பினாள். நான்காவதை அடிக்க மட்டும் சற்று நேரம் பிடித்தது.

“நாலு மட்டும் வரலை” என்றான். “ஒண்ணுதானே, போகட்டும். தேவைன்னா அனுப்பினவங்களே திரும்ப அனுப்பிக்கட்டும். என்னோடதையே வெச்சுக்கலாமா?”

“ஹவ், சரி, வெச்சுக்கலாம்.”

“என்ன குரல் ஒரு மாதிரி இருக்கு? தோத்துட்டோம்னு வருத்தமா?”

“ஜலதோஷம்.”

போனை வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தாள். மூன்றுக்கும் ஐந்துக்கும் நடுவில் அவள் அடித்தது அப்படியே இருந்தது.

‘ஞாயிற்றுக்கிழமை எனக்கு நிச்சயதார்த்தம். நீ ஒரு வார்த்தை சொன்னால் நிறுத்திவிடுவேன்.’

திரும்ப அனுப்பலாம்தான். ஒரு தடவை அனுப்பவே அவளுக்கு இரண்டு வருஷம் ஆகியிருந்தது.