ஓசி வண்டி

“மறுபடியும் அந்தப் புற்றுநோய் சங்கத்துக்கா? வீட்டைப் போட்டுட்டு ஊருக்கு உழைக்கிற! ஓசி வண்டி, ஓசி டீ. அதுக்குத்தானே இந்த ஓட்டம்?” சோபாவில் சாய்ந்தபடி கேட்டார் கணவர்.

மனைவி செருப்பை மாட்டினாள். சங்கத்து வேன் ஓட்டுநர் வாசலில் எட்டிப் பார்த்தார்.

“என்னப்பா, சம்பளமில்லாத வேலைக்காரியைக் கூட்டிட்டுப் போக வந்தியா?” கணவர் சிரித்தார்.

ஓட்டுநர் விழித்தார். “வேலைக்காரியா? அக்காவோட தொண்டைப் புத்துக் கட்டிக்கு இன்னைக்கு ரேடியேஷன் கரண்ட் வைக்கணும் சார். ரெண்டு மாசமா நாங்கதானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறோம்?”

கணவர் சோபாவிலிருந்து எழுந்தார். “ஏன்டி, எங்கிட்ட சொல்லல?”

“மூணு தடவை சொன்னேன். நீங்க டிவி சத்தத்தைக் கூட்டினீங்க.”

“இரு, நானும் வரேன்.”

“நீங்க அலையாதீங்க. என் கையைப் பிடிச்சுக்க சங்கத்துல ஒரு அம்மா இருக்காங்க” என்று வேனில் ஏறினாள்.