யோகேந்திரனின் பச்சைப் புல்

ஆகஸ்ட் வெயிலில் இல்-பிசார் தீவில் தெருவே காய்ந்து கிடக்க, யோகேந்திரன் வீட்டு வாசல் புல் மட்டும் பச்சைப் பசேலென்று நின்றது. கேட்கவா வேண்டும், மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த சென்னைப் பையன் ஹரிபிரசாத்தைக் கண்டாலே இளக்காரம்.

"தம்பி, இதென்ன புல்லே, வைக்கோலே? கொம்பியூட்டர் தட்டுற ஆக்களுக்கு உதெல்லாம் எங்கை விளங்கப் போகுது!"

"வெயிலுக்குக் காஞ்சிருக்கு அங்கிள். மழை வந்தா தானா சரியாயிடும்."

"மழை வந்தா களைதான் வரும். பேந்து உம்மட களை என்ர பக்கமும் பரவும்."

அதோடு விட்டாரா? நாட்டு எல்லை தாண்டி அமெரிக்கப் பக்கத்து பிளாட்ஸ்பர்க் நகர் வரை கார் ஓட்டிப் போய் ஒரு மருந்து வாங்கி வந்தார்.

"இது ஆள் பார்த்து அடிக்கிற மருந்து, தம்பி. களைப்புல்லு வெளிறிச் செத்துப்போகும். நல்ல புல்லில ஒரு தாளும் வாடாது."

தன் வாசலுக்கு ஒரு தரம், பையன் வாசலுக்கு இரண்டு தரம் என்று தாராளமாக அடித்தார்.

மழை பெய்து ஓய்ந்த ஒரு காலை வெளியே வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். ஹரிபிரசாத்தின் வைக்கோல் பச்சையாகத் துளிர்த்திருந்தது. அவருடைய வாசலோ மூலை முடுக்கெல்லாம் வெள்ளைவெளேரென்று செத்துக் கிடந்தது.

"கள்ள மருந்தைத் தந்து ஏமாத்திப் போட்டாங்கள்!" என்று போத்தலை ஓங்கினார்.

மனைவி சிவநேசம் அதைப் பறித்து, களையென்று அதில் போட்டிருந்த படத்தையும் செத்த புல்லையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏனப்பா மருந்தை ஏசுறியள்? வெயிலுக்குள்ளையும் கொழுத்து நிண்டது இதுதான். நல்ல புல்லு எங்கட வாசலில எப்ப இருந்தது, வாடாமல் மிஞ்ச?"