மடிப்புக்குள் ஒரு கால்

துணிக்கடைக்காரர் முதலில் வலது காலைத்தான் நீட்டுகிறார். கிளினிக்கின் சன்னல் வெயிலில் அது பழுதில்லாத சரக்காகத் தெரிகிறது. நர்ஸ் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு நிமிர்கிறாள். "இன்னொண்ணு?" "அதுல கொசு கடிச்சிருக்கு, சிஸ்டர்." "எட்டு மாசமா ஒரே கொசுவா?" என்கிறாள் பக்கத்தில் நிற்கும் மனைவி. "கிழிசலை மடிப்புக்குள்ள வெச்சுக் காட்டுற புத்தி இங்கயும் போகலை பாருங்க." அவளே குனிந்து கால்சட்டையின் இடது காலைச் சுருட்டுகிறாள். கெண்டைச்சதையில் நரம்புகள் புடைத்து நெளிகின்றன. கணுக்காலுக்கு மேலே தோல் கருத்து, நடுவில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஈரப் புண். நர்ஸ் பாதத்தில் நாடி பார்க்கிறாள். கணுக்காலில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தமும் அளக்கிறாள். "ரத்தம் கீழ நல்லாத்தான் வருது. மேல திரும்ப முடியாமத் தேங்குது. இறுக்கிக் கட்டினா புண் ஆறும். ஆனா நாள் முழுக்க நின்னீங்கன்னா மறுபடி வரும். மணிக்கொரு தடவை பத்து நிமிஷம் காலை உயர்த்தி வைக்கணும்." "அஞ்சுன்னு முடிச்சுக்குவோமே." "பத்து." "ஏழு?" நர்ஸ் கால்விரலடியிலிருந்து மேல்நோக்கிக் கட்டுத்துணியை இழுத்துச் சுற்றுகிறாள். அவர் விரல்கள் தாமாகவே அதன் ஓரத்தை நெருடிப் பார்க்கின்றன. "நல்ல நெசவு," என்கிறார், குரல் இறங்கி. முப்பது வருடமாக வாடிக்கையாளர் முன்னால் உட்காராதவர், கட்டுப் போட்ட காலைத் தலையணை அடுக்கின் மேல் ஏற்றுகிறார். "சரி, பத்து." மனைவி அவருடைய செருப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்கிறாள்.